கார்டில் இல்லாத பதில்

அத்தியாயம் 14

போன வாரம் வனஜாவை எங்கே விட்டோம்? நூம்பலில், நர்சிங் கல்லூரியின் இரண்டாவது மாடியில், கையில் ஒரு கார்டோடு முகம் வெளுத்து நின்றுகொண்டிருந்தாள்.

அங்கே வழக்கமாக நோயாளி வேஷம் கட்டும் கண்ணம்மாவுக்குக் காய்ச்சல். அந்தப் பயிற்சிக் கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் சௌம்யா, வேறு ஆள் கிடைக்காமல் தன் மாமியாரையே கெஞ்சிக் கூட்டி வந்துவிட்டாள். "எட்டு நிமிஷம் உக்காந்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும். அவ்வளவுதான் அத்தை." பேசுவதற்கு வனஜாவைக் கூப்பிடுவது கரும்பு தின்னக் கூலி கொடுக்கிற மாதிரி. சந்தோஷமாகத்தான் வந்தாள். அப்புறம்தான் கார்டைப் படித்தாள்.

பெயர் கமலா, வயது ஐம்பத்திரண்டு. தலைசுற்றல் என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். ஆனால் அவள் மறைக்கிற விஷயம் வேறு. இருமினால், சிரித்தால், குடத்தைத் தூக்கினால் அவளுக்குச் சிறுநீர் கசிந்துவிடுகிறது. இரண்டு மாதமாக இப்படி. அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள். பிரஷர் மாத்திரை போட்டால் அடிக்கடி போக வேண்டியிருக்கிறது என்று அதையும் நிறுத்திவிட்டாள். மாணவி தனியாக, பக்குவமாகக் கேட்டால் மட்டும் இதைச் சொல்ல வேண்டும்.

வனஜாவுக்கு முகம் வெளுத்தது ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அவள் வீட்டில்தான் யாருக்கும் தெரியாது. கமலாவுக்கு இரண்டு மாதம் என்றால் வனஜாவுக்கு நாலு வருடம்.

சனிக்கிழமை, தேர்வு நாள். சேக்காட்டில், வனஜாவின் வீட்டில், காபி டம்ளர்கூடச் சத்தம் போடாமல் மேஜைக்கு வந்தது. உத்தமன் மருமகளைப் பார்த்துக்கொண்டு மனைவியிடம் பேசினார். மூன்று வாரமாக அந்த வீட்டில் பேச்சு அந்த வழியாகத்தான் போய் வருகிறது.

"சௌம்யா, உங்க அத்தைகிட்ட சொல்லிடு. வேனுக்கு எத்தினி பேருன்னு ரேணுகா சாயங்காலம் போன் பண்ணும். வரலைன்னா இன்னிக்கே சொல்ட்டா, அது வேற யாரையாச்சும் ஏத்திக்கும்."

"உங்க மாமாகிட்ட சொல்லு சௌம்யா. வரலைன்னு நான் எப்பவோ சொல்லிட்டேன்."

"காரணம் இன்னான்னு சொன்னாளான்னு கேளு."

வனஜா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

உத்தமனின் தங்கை ரேணுகாவின் பையனுக்கு வரும் வெள்ளிக்கிழமை கல்யாணம். பெண் வீடு மாயவரம். கொரட்டூரிலிருந்து மாப்பிள்ளை வேன் கிளம்புகிறது, ஏழு மணி நேரப் பயணம். தாய்மாமன் உத்தமன். சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு அவர் தனியாளாகப் போய் நின்றால் ஊர் நாலு விதமாகப் பேசும். ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் சர்வீஸ் போட்ட மனிதர், ஒரு லேட் மார்க் கிடையாது. ஊர் வாய்க்கு மட்டும் பயப்படுவார். அந்தப் பயத்தில்தான் மூன்று வாரம் முன்னால், "என் தங்கச்சின்னா உனக்கு இளக்காரம். திமிருடி உனக்கு" என்று கத்திவிட்டார். வாசகிகள் பலருக்கு அவர் மேல் கோபம் என்று தெரியும். எனக்கும் உண்டு.

மாமியாரும் மருமகளும் ஸ்கூட்டரில் கிளம்பும்போது வனஜாவின் காபி மேஜையில் அப்படியே இருந்தது. அதைச் சௌம்யா பார்த்தாள்.

அந்தப் பயிற்சிக் கூடம் நிஜ வார்டு மாதிரியே இருக்கும். கட்டில், திரை, குளுக்கோஸ் ஸ்டாண்டு எல்லாம் உண்டு. நோயாளிகள் மட்டும் பொய். மூச்சு விடும் பொம்மை ஒன்று, முனகும் பொம்மை ஒன்று, பிரசவம் பார்த்துப் பழகுவதற்கு ஒரு பொம்மை. நிஜ மனிதர்கள் மேல் கை வைப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய தப்புகளையெல்லாம் இங்கேயே செய்து முடித்துவிடலாம். பொம்மைக்கு வலிக்காது. ஆனால் ஆறுதலாக நாலு வார்த்தை பேசத் தெரிகிறதா என்று பொம்மையை வைத்துச் சோதிக்க முடியாது. அதற்குத்தான் கண்ணம்மாக்களும் வனஜாக்களும்.

"எங்க ஊட்ல மனுசங்களுக்கே ஃபேன்தான். இதுங்களுக்கு ஏசியா?" என்று முனகும் பொம்மையின் போர்வையை இழுத்துவிட்டாள் வனஜா.

வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வாளராக வந்திருந்த வித்யா மேடம் ஒரு தடவை விளக்கினார். "எல்லாப் பொண்ணுங்களுக்கும் ஒரே கமலாதான்மா கிடைக்கணும். இரக்கப்பட்டு யாருக்கும் ஒரு வார்த்தை கூடுதலா சொல்லிடாதீங்க. கார்டுல இருக்கறது மட்டும்."

சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நம் முகம்தான் தெரியும். அந்தப் பக்கம் இருட்டறையில் வித்யா மேடமும் சௌம்யாவும் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பார்கள், கேட்பார்கள். கமலாவுக்குத் துணையாக வந்த கொழுந்தன் வேஷத்தில் லேப் உதவியாளர் யூசுப். நாற்பத்தைந்து வயது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்வதில் அவரை அடிக்க ஆளில்லை.

சௌம்யாவுக்கு இரவு முழுக்கத் தூக்கமில்லை. அந்தக் கமலாவை எழுதியவளே அவள்தான். வீட்டில் இரண்டு வருடமாகக் கண்ணால் பார்த்ததை வைத்து எழுதினாள். அந்த நாற்காலியில் கண்ணம்மா உட்கார்வாள் என்று நினைத்து எழுதினாள். கண்ணம்மா படுத்த பிறகு கேஸை மாற்றலாம் என்று பார்த்தால், தேர்வுக் கவருக்குச் சீல் வைத்தாகிவிட்டது. அத்தை கார்டைப் படித்துவிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

மணி அடித்தது. முதல் மாணவி வந்தாள். பத்துக் கேள்விகளையும் ஒரே மூச்சில், நின்றபடியே கேட்டுவிட்டுப் போனாள். இரண்டாமவள் மாதுளம்பழ ஜூஸ் குடிக்கச் சொன்னாள். மூன்றாமவள் யூசுப்பை வைத்துக்கொண்டே, "யூரின் பிராப்ளம் ஏதாவது இருக்கா?" என்று சத்தமாகக் கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றாள் வனஜா. கார்டிலும் அப்படித்தான் போட்டிருந்தது. அதைச் சொல்வதற்கு அவளுக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை.

நாலாவது பெண், ஐந்தாவது பெண், ஆறு, ஏழு. ஒருத்தி விடாமல், "நல்லா தண்ணி குடிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஏன் குடிக்கவில்லை என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை.

எட்டாவதாக வந்தவள் ஜீனத். பூந்தமல்லிப் பெண். அப்பா அப்துல் முத்தலிப் அங்கே பீரோ பட்டறை வைத்திருக்கிறார். பட்டறைச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தும் பெண்ணுக்கு வாயே திறக்காது. போன முறை இதே தேர்வில் எட்டு நிமிடத்தில் நாலு வாக்கியம் பேசித் தோற்றவள். இந்தத் தடவையும் போனால் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஒன்றாம் தேதி சேரச் சொல்லியிருக்கும் வேலையும் போய்விடும்.

உள்ளே வந்ததும் கையிலிருந்த பிரஷர் பார்க்கும் பட்டையைக் கீழே போட்டாள். எடுத்து மேஜையில் வைத்தாள். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

"மொதல்ல இதக் குடிங்கம்மா. அதுக்குள்ள நானும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்."

வனஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். டம்ளரை வாங்கி உதட்டை நனைத்துவிட்டுக் கீழே வைத்தாள்.

ஜீனத் டம்ளரைப் பார்த்தாள். வனஜாவின் உதட்டைப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள்.

"வறண்டு கிடக்கு. தாகமா இல்லையாம்மா?"

"இல்லம்மா."

பெண் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு யூசுப் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா? நாங்க ரெண்டு பேரும் பேசணும்."

யூசுப் போனதும் திரையை இழுத்து மூடினாள். ஸ்டூலை வனஜாவின் முழங்கால் இடிக்கிற அளவு நெருக்கிப் போட்டு உட்கார்ந்தாள். குரலைத் தணித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வித்யா மேடம் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. தாகம் இருந்தும் குடிக்காம இருக்கீங்க. குடிச்சா அடக்க முடியலையா? துணி நனைஞ்சிடுதா?"

கமலா சொல்ல வேண்டிய பதில், "ஆமாம்மா, ரெண்டு மாசமா" என்பது. வனஜாவுக்கு அது மனப்பாடம். வாயைத் திறந்தாள்.

"நாலு வருசம் ஆச்சும்மா" என்றாள்.

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாலு வருடத்தில் முதல்முறையாக ஒருத்தி கேட்டிருக்கிறாள். அதுவும் இவ்வளவு மெதுவாக, முகம் சுளிக்காமல். வனஜாவால் நிறுத்த முடியவில்லை.

"கொரட்டூர்ல நாத்தனார் ஊட்டுக் கிரகப்பிரவேசம். யாரோ இன்னாவோ சொன்னாங்க, எல்லாரும் சிரிச்சாங்கன்னு நானும் சிரிச்சேன். புது சோபாம்மா. எந்திரிக்கவே முடியல. எல்லாரும் சாப்பிடப் போற வரைக்கும் கல்லு மாதிரி உக்காந்துகினு இருந்தேன். அப்புறம் சொம்புத் தண்ணிய கை தவறின மாதிரி சோபா மேலயும் பொடவை மேலயும் ஊத்திக்கினு எந்திரிச்சேன். புது சோபாவ நாசம் பண்ணிட்டேன்னு நாத்தனார் மூஞ்சியத் தூக்கி வச்சிகிச்சு. அதோட அவ வாசப்படியே மிதிக்கல நான். இப்ப அவ புள்ளைக்குக் கல்யாணம். ஏழு மணி நேரம் வேன்ல போவணும். எங்க ஊட்டுக்காரரு நான் திமிர்ல வரலைன்றாரு. நான் இன்னான்னு சொல்லுவேன்?"

ஜீனத் அடுத்து பிரஷர் பார்த்திருக்க வேண்டும். மாத்திரையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். ஐந்து அறிவுரைகள் சொல்லியிருக்க வேண்டும். அத்தனைக்கும் தனித்தனி மார்க். அவள் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வனஜாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அழுங்கம்மா. அவசரம் ஒண்ணும் இல்ல."

வனஜா அழுதாள். மணி அடித்தது.

இருட்டறையில் சௌம்யா ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான புதிதில் அந்தக் கிரகப்பிரவேசத்துக்கு அவளும் போயிருந்தாள். சோபா விஷயத்தில் அத்தை மேல்தான் தப்பு என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

வித்யா மேடம் கார்டைப் புரட்டிப் பார்த்தார். "சௌம்யா, இதுல நாத்தனார் எங்க வர்றாங்க? கிரகப்பிரவேசம் எங்க வருது?"

"வரல மேடம்."

"அஞ்சு நிமிஷம் எல்லாரையும் டீ குடிக்கச் சொல்லுங்க."

வித்யா மேடம் கெட்டவர் இல்லை. கணக்கானவர், அவ்வளவுதான். "நல்லாக் கேட்டா அந்தப் பொண்ணு, மறுக்கல. ஆனா பிரஷர் பாக்கல, மாத்திரை கேக்கல, ஒரு அட்வைஸ்கூட சொல்லல. தாள்ல இருக்கறபடி மார்க் போட்டா ஃபெயில்."

"பேஷண்ட்தான் மேடம் கார்டை விட்டு வெளிய போயிட்டாங்க. அவ என்ன பண்ணுவா?"

"அப்ப அதை எழுதிக் குடுங்க. ஜீனத்துக்கு வேற கேஸ் வைக்கலாம். ஆனா ஏன் வெளிய போனாங்கன்னு காரணம் வேணும். மறந்துட்டாங்கன்னு எழுதினா, முன்னாடி வந்த ஏழு பேருக்கு மட்டும் ஒழுங்கா சொன்னாங்களான்னு கேள்வி வரும். ஏழு பேருக்கும் திரும்ப வைக்கணும்."

காரணம் சௌம்யாவுக்குத் தெரியும். ஆனால் அது அவள் சொல்லக்கூடிய விஷயம் இல்லையே.

"என் தப்பு மேடம். கேஸை நான்தான் சரியா எழுதல."

"அது காரணம் ஆகாது சௌம்யா."

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது வனஜா முகம் கழுவ வெளியே வந்தாள். நடைபாதைக் கோடியில் ஜீனத் சுவரைப் பார்த்தபடி நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"போச்சு ஆன்ட்டி. நான் பிரஷரே பாக்கல."

"ஏன்மா பாக்கல? மேஜை மேலதானே இருந்துச்சு?"

"நீங்க அழுதுட்டு இருந்தீங்களே. அழுறவங்க கையில பட்டையைச் சுத்தினா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணாந்தேதி சேர வேண்டிய வேலையும் போச்சு. அத்தாகிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

வனஜாவுக்கு இப்போதுதான் புரிந்தது. தன் கண்ணீரால் ஒரு பெண்ணின் பிழைப்பு போகப் போகிறது. உள்ளே போய் உண்மையைச் சொன்னால் அவளுக்கு நியாயம் கிடைக்கும். ஆனால் கட்டின புருஷனிடம் நாலு வருடம் சொல்லாததை, அன்று காலைவரை முகம் தெரியாத ஒரு மேடத்திடம் எப்படிச் சொல்வது? இந்தக் கட்டடம் முழுக்கத் தெரிந்தால் சௌம்யாவும்தானே தலைகுனிய வேண்டும்? பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஜீனத்தைத் திரும்பிப் பார்த்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு இருட்டறைக்குள் போனாள்.

"மேடம், கார்டுல இருந்தத நான் மறக்கல."

சௌம்யா பதறி எழுந்தாள். "அத்தை, வேணாம். நான் பாத்துக்கிறேன்."

"நீ உக்காரு." வனஜா வித்யா மேடத்தை நேராகப் பார்த்தாள். "ஏழு பொண்ணுங்களுக்கும் கார்டுல இருந்ததுதான் சொன்னேன். எட்டாவதா வந்த பொண்ணு கேட்டப்போ மட்டும் கமலா பேசல மேடம், நான் பேசிட்டேன். அந்த சீக்கு எனக்குத்தான் கீது. நாலு வருசமா கீது. எங்க ஊட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. யாரும் இப்படிக் கேட்டதில்ல, அதான் கொட்டிட்டேன். தப்பு என்னுது. அந்தப் பொண்ணுக்கு மார்க்க கொறச்சிடாதீங்க."

 சௌம்யா நாற்காலியை இழுத்துப் போட்டாள். வனஜா உட்காரவில்லை, அடுத்தவர் நாற்காலி என்றால் தயங்குகிற பழக்கதோஷம்.

வித்யா மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தாளை எடுத்தார். எழுதியதை வாய்விட்டுப் படித்தார். "காரணம்: நோயாளியாக நடித்தவருக்குத் திடீர் உடல்நலக் குறைவு. இது போதும். இதுக்கு மேல இந்த ரூமை விட்டு எதுவும் வெளிய போகாது."

பிறகு குரல் மாறியது. "பிரஷர் மாத்திரை? அதுவும் கமலா மாதிரிதானா?"

வனஜா தரையைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"பதினஞ்சு நாளு."

"அத்தை!" என்றாள் சௌம்யா.

"இன்னிக்கே பிரஷர் பாத்து, டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கணும். திங்கக்கிழமை இங்க காலேஜ் ஆஸ்பத்திரியிலயே மகளிர் பிரிவுல காட்டுங்க. வயசானா இப்படித்தான்னு நாமளா முடிவு பண்ணிக்கிறோம் வனஜாம்மா. சிறுநீரை அடக்குற தசைக்குப் பயிற்சி இருக்கு. விடாம மூணு மாசம் செஞ்சா நெறைய பேருக்கு நல்லாவே குறையுது." வித்யா மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, இன்னும் மூணு பொண்ணுங்க இருக்காங்க. உங்களால உக்கார முடியுமா?"

"முடியும் மேடம். ரெண்டு மாசம். உசுரு போனாலும் ரெண்டு மாசம்தான்."

அந்தக் கணக்கான மேடம் வாய்விட்டுச் சிரித்தார்.

மூன்று பெண்களுக்கும் கமலா அச்சுப் பிசகாமல் பதில் சொன்னாள். கடைசியாக ஜீனத்துக்கு வேறு கேஸ் வைத்தார்கள், முனகும் பொம்மை. அவள் அந்தப் பொம்மையிடம் போய், "பயப்படாதீங்க ஐயா, பட்டை கொஞ்சம் இறுக்கும்" என்று சொல்லிவிட்டுப் பிரஷர் பார்த்தாள். பட்டையைக் கீழே போடவில்லை. பாஸாகிவிட்டாள். பட்டறைக்குப் போன் போட்டு, இயந்திரச் சத்தத்தில் அத்தாவுக்குக் கேட்காமல் மூன்று தடவை கத்திச் சொன்னதைப் பார்த்து யூசுப்பின் உம்மணாம்மூஞ்சிகூட இளகியது.

வீட்டுக்குத் திரும்பும்போது பருத்திப்பட்டு ஏரி வரை மாமியாரும் மருமகளும் பேசவில்லை. அங்கே வனஜா முதுகில் தட்டினாள். "வண்டிய நிறுத்து."

நிறுத்தினாள்.

"என் கதைய எழுதி ஊருப் பொண்ணுங்களுக்குப் பரீட்சை வச்சியாடி?"

"ஆமா அத்தை." சௌம்யா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. உள்ளேயே அழுதாள். "ரெண்டு வருஷமா பாக்கறேன். பையில எப்பவும் ஒரு புடவை வச்சிருக்கீங்க. எங்க உக்காந்து எழுந்தாலும் திரும்பி நாற்காலியைப் பாக்கறீங்க. கேக்கணும்னு வருவேன். மருமக இதக் கேட்டா அவமானமா நினைப்பீங்களோன்னு திரும்பிடுவேன். நாப்பது பொண்ணுங்களுக்கு எப்படிக் கேக்கணும்னு சொல்லிக் குடுக்கறேன் அத்தை. என் வீட்டுல கேக்க எனக்கு வாய் வரல. யாராவது ஒருத்தி கத்துக்கிட்டா போதும்னுதான் எழுதினேன். நீங்க அந்தச் சீட்டுல உக்காருவீங்கன்னு நினைக்கல. மன்னிச்சிடுங்க."

வனஜாவுக்குக் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம். ஆனால் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்த விசும்பல் அதைப் பாதியாகக் குறைத்தது.

"நீ கேட்டிருந்தா உன்னைக் கடிச்சித் தின்னிருப்பேன்."

"தெரியும். அதான் கேக்கல."

"அழுவாத. கண்ணாடி பூரா மூடு பனியாட்டம் ஆயிடுச்சு பாரு. எப்படி ஓட்டுவ?"

சௌம்யா அழுகையோடு சிரித்தாள். வனஜாவும் சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று முழங்கால்களை இறுக்கிக்கொண்டு ஸ்கூட்டரைப் பிடித்தாள்.

"சிரிக்க வைக்காதடி பாவி!"

அதற்கு மேல் இருவராலும் அடக்க முடியவில்லை. ஏரிக்கரையில் நடைபயிற்சிக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பையிலிருந்த புடவைக்கு அன்றைக்கு வேலை வந்தது. வனஜா ஏனோ வெட்கப்படவில்லை. "உங்க மாமாகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத. நானே சொல்றேன்" என்றாள்.

உத்தமன் கூடத்தில் கல்யாண வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வனஜா எதிரே போய் நின்றாள். சௌம்யா சமையலறைக்குள் நழுவினாள்.

"எனக்கு உங்க தங்கச்சி மேல கோவம் இல்ல" என்று ஆரம்பித்தாள். முழுக்கச் சொன்னாள். இருட்டறையில் சொன்னதைவிட இங்கே கஷ்டமாக இருந்தது. உத்தமன் இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்த சோபா தண்ணி?"

"ஆமாங்க."

"பஸ்ஸுல போவலாம்னா ஆட்டோ கேப்பியே, அது?"

"அதுவும்தான்."

உத்தமன் மோடாவில் உட்கார்ந்தார். "பக்கத்துலயே படுத்துகினு நாலு வருசம் இத்த உள்ள வச்சிகினு கீற. நான் உன்ன திமிருன்னேன். நான்லாம் ஒரு மனுசனா? கயித."

"அது எனக்கு மூணு வாரமா தெரியும்" என்றாள் வனஜா.

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை, கண் கலங்கிவிட்டது. அப்போது போன் அடித்தது. ரேணுகா. அவளுக்கு ஸ்பீக்கர் போடத் தேவையில்லை, கொரட்டூரிலிருந்து பேசினால் சேக்காட்டுக்குப் போன் இல்லாமலே கேட்கும்.

"அண்ணே, வேன்காரன் வந்து குந்திகினு கீறான். எத்தினி பேரு? அண்ணி வருதா இல்லியா, ஒரே வார்த்தைல சொல்லு."

வனஜா வேண்டாம் என்று கையை ஆட்டினாள். சொல்லிவிடாதே என்று கண்ணால் கெஞ்சினாள். உத்தமன் அவளைப் பார்த்தபடியே பேசினார்.

"வேன்ல நாங்க வரல ரேணுகா. ரயில்ல வந்துடறோம்."

"மாப்பிள்ளை வேன்ல தாய்மாமன் இல்லாமயா? அண்ணி வேலைதானே இது? நாலு வருசமாச்சு, அந்த சோபா கோவம் இன்னும் தீரலியா அதுக்கு?"

"அவள ஒண்ணும் சொல்லாத." உத்தமன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்குத்தான் முடியல. அடிக்கடி பாத்ரூம் போவ வேண்டிகீது. சிரிச்சாலோ இருமினாலோ அடக்க முடியாம வேட்டி நனைஞ்சிடுது. ஏழு மணி நேரம் வேன்ல தாங்க மாட்டேன். ரயில்லன்னா பாத்ரூம் கீது. என் மானம் போவக் கூடாதுன்னு உங்க அண்ணி வாயத் தொறக்காம பழிய வாங்கிகினா. போதுமா? சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிக்கோ. சிரிக்கிறவன் சிரிக்கட்டும்."

வனஜா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஊர் நாலு விதமாகப் பேசும் என்று ஒரு சட்டைப் பொத்தானைக்கூடத் திறந்துவிடாத மனிதர். இவர் கையையா மூன்று வாரம் தொடாமல் இருந்தோம் என்று நினைத்தாள். போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போனில் சத்தமே இல்லை. ரேணுகா இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து உத்தமன் பார்த்ததில்லை. கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"ரேணுகா? கீறியா?"

"கீறேன்." குரல் இப்போது மிகவும் தணிந்திருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாத இடத்துக்கு நகர்ந்து வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. மாப்பிள்ளையைப் பெற்றவள், மாப்பிள்ளை வேனில் முதல் சீட்டில் உட்கார வேண்டியவள், ரகசியமாகக் கேட்டாள்.

"அண்ணே, அந்த ரயில்ல எனக்கும் ஒரு டிக்கெட் போடுறியா? ஏன்னு அண்ணிகிட்ட மட்டும் சொல்றேன்."